நாஸில் கணக்கில் ஜாயின்ட் எஃபிஷியன்சி குழப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரஷர் வெசல் டிசைனுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இந்த நாஸிலுக்கு ஜாயின்ட் எஃபிஷியன்சி எவ்வளவு போடணும்?" என்றுதான். நாஸில் என்பது வெசல் சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்தும் குழாய் இணைப்பு. ஜாயின்ட் எஃபிஷியன்சி என்பது வெல்டு மூட்டுக்காகக் கணக்கில் பெருக்கும் காரணி, அதிகபட்சம் 1. நான் பதிலுக்குக் கேட்பது எப்போதும் ஒன்றே: எந்த வெல்டுக்கு? நாஸில் கணக்கில் நான் பார்த்த எஃபிஷியன்சி தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8 டிவிஷன் 1 என்ற அமெரிக்க பிரஷர் வெசல் கோடை (வடிவமைப்பு விதிநூலை) வைத்தே பேசுகிறேன். யூடபிள்யூ, யூஜி என்று வருபவை அதன் பத்தி எண்கள். அதில் யூடபிள்யூ-12 அட்டவணை தரும் எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இருபுறமும் வெல்டு செய்த பட் ஜாயின்டுக்கு (விளிம்போடு விளிம்பு சேரும் மூட்டு) முழு ரேடியோகிராபி (எக்ஸ்ரே பரிசோதனை) என்றால் 1.00, ஸ்பாட் (சில இடங்களில் மட்டும்) என்றால் 0.85, எதுவும் எடுக்கவில்லை என்றால் 0.70. மூன்றிலும் வெல்டர் அதே ஆள், எலெக்ட்ரோடு அதே, வெல்டு முறையும் அதே. மாறுவது நாம் எவ்வளவு பார்த்தோம் என்பது மட்டும்தான். ஆக, இந்த எண் வெல்டு உலோகத்தின் பலத்தைச் சொல்வதில்லை. குறிப்பிட்ட ஒரு சீமை (வெல்டு கோட்டை) எவ்வளவு பரிசோதித்தோமோ அந்த அளவுக்குத்தான் அதன் குறுக்கே போகும் இழுவிசையை அனுமதிக்கிறோம் என்று சொல்கிறது. சீம் இல்லாத இடத்தில் பொதுவாக அதற்கு வேலை இல்லை.

எண்களோடு பார்த்தால் எளிதாக இருக்கும் என்பதால் ஒரே வெசலைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 1500 மி.மீ., டிசைன் அழுத்தம் 1.5 மெகாபாஸ்கல், தகடு எஸ்ஏ-516 கிரேடு 70, அனுமதி ஸ்ட்ரெஸ் 138 மெகாபாஸ்கல். தகடு 14 மி.மீ., அதில் அரிப்புக்கு 3 மி.மீ. போனால் மிஞ்சுவது 11. ஸ்பாட் ரேடியோகிராபி, எனவே லாங் சீமுக்கு (வெசலின் நீளவாக்கில் ஓடும் வெல்டு) 0.85. நாஸில் 8 இன்ச், ஷெட்யூல் 80 (பைப்பின் சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்). அரிப்புக்குப் பின் அதன் உள்விட்டம் 199.7 மி.மீ.

ஷெல்லுக்குத் (வெசலின் உருளை உடல்) தேவையான தடிமன், அழுத்தம் × ஆரம் ÷ (ஸ்ட்ரெஸ் × எஃபிஷியன்சி − 0.6 × அழுத்தம்). அரித்த ஆரம் 753 மி.மீ. 0.85 போட்டால் 9.70 மி.மீ. வருகிறது. 1.0 போட்டால் 8.24. இந்த இரண்டு எண்களையும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

அறிகுறி: பேட் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது, அல்லது கைக்கணக்கும் சாஃப்ட்வேரும் ஒத்துப்போகவில்லை

பேட் என்பது ஓட்டையைச் சுற்றி ஷெல் மேல் வெல்டு செய்யும் வலுவூட்டும் தகடு. முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டையில் போன உலோகத்தை ஈடுகட்டும் விதியான யூஜி-37-இல் தேவையான பரப்புக்கு எந்தத் தடிமனைப் போட்டீர்கள் என்பதை. ஷெல் கணக்கிலிருந்து 9.70-ஐ அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் தவறு அங்கேதான். அந்தப் பத்தியில் தேவையான தடிமனுக்கான விளக்கமே எஃபிஷியன்சி 1 என்று வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாஸில் கழுத்தின் (நாஸிலின் குழாய்ப் பகுதி) தேவையான தடிமனும் அப்படித்தான், சீம்லெஸ் (சீம் இல்லாத) கழுத்து என்று வைத்தே எடுக்க வேண்டும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. ஓட்டை போட்டு நாம் வெட்டி எடுத்தது திடமான தகட்டை. அந்தத் தகடு அழுத்தத்தைத் தாங்க 8.24 மி.மீ. போதும். 9.70 வரை தடிமன் ஏறியது எங்கோ ஓடும் லாங் சீமுக்காக. தகடு முழுக்க ஒரே தடிமன்தானே, அதனால் சீமுக்காக ஏற்றிய அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சீம் இல்லாத இடத்தில் உபரியாகக் கிடைக்கிறது. ஓட்டையை ஈடுகட்ட அதைப் பயன்படுத்திக்கொள்ள கோட் அனுமதிக்கிறது.

ஷெல், நாஸில் இரண்டின் எஃகும் ஒரே வலிமை என்று எடுத்துக் கணக்குப் போடுவோம். சரியான முறையில் தேவையான பரப்பு 199.7 × 8.24, அதாவது 1645 சதுர மி.மீ. ஷெல்லில் உபரி 199.7 × (11 − 8.24), அதாவது 551. கழுத்தும் வெல்டும் பேடும் சேர்ந்து தர வேண்டியது 1094. தவறான முறையில் தேவை 1938 ஆக ஏறுகிறது, உபரி 259 ஆகக் குறைகிறது, மிச்சம் 1679. ஒரே தவறு இரண்டு பக்கமும் கடிக்கிறது! வித்தியாசம் 585 சதுர மி.மீ. 10 மி.மீ. தகட்டில் பேட் போட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 29 மி.மீ. வீணாக அகலமாகும். ஷெல் உபரியிலும் சேர்த்து 0.85 பெருக்கிவிட்ட ஷீட்டுகளும் வந்திருக்கின்றன. அப்போது 9.35-இலிருந்து (0.85 × 11) 9.70-ஐக் கழிக்க வேண்டி வந்து, உபரி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். ஷெல் உபரி கழித்தல் குறியில் வந்திருந்தால் இந்த இரட்டைக் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

"கூடுதலாகப் போனால் பாதுகாப்புத்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பெரிய பேட் என்றால் கூடுதல் ஃபில்லெட் வெல்டு (மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டு), கூடுதல் வெப்பம், கூடுதல் சுருக்கம், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஷெல் பரப்பு. தேவையில்லாத இரும்புக்கும் ஒரு விலை இருக்கிறது.

அறிகுறி: நேற்று வரை சரியாக இருந்த நாஸில், ஓரியன்டேஷன் (வெசலைச் சுற்றி நாஸில் இருக்கும் கோணம்) மாறியதும் ஃபெயில் ஆகிறது

ஓட்டை லாங் சீம் மேல் விழுந்துவிட்டதா என்று தகடு லேஅவுட்டைப் பாருங்கள். ஓட்டையின் ஏதாவது ஒரு பகுதி லாங் சீமைத் தொட்டாலும் ஷெல் உபரிக் கணக்கில் அந்தச் சீமின் எஃபிஷியன்சியைப் போட வேண்டும். நம் வெசலில் 0.85 × 11 = 9.35. அதிலிருந்து 8.24 போனால் உபரி 551-இலிருந்து 222 சதுர மி.மீ. ஆகக் குறைகிறது. இந்த முறை குறைவது நியாயம்தான், அங்கே உண்மையிலேயே சீம் இருக்கிறது. தேவையான பரப்பு மட்டும் 1645 ஆகவே இருக்கும், அதில் கை வைக்க வேண்டாம்.

சரிசெய்ய மலிவான வழி, பட்டறையிடம் பேசி ஷெல் கோர்ஸைக் (ஷெல்லின் ஒரு வளையத் துண்டு) கொஞ்சம் சுழற்றச் சொல்வது. தகடு வெட்டுவதற்கு முன்பே கேட்டால் செலவே இல்லை. வெட்டிய பிறகு என்றால் பேடைப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் சீமை முழு ரேடியோகிராபிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓட்டை விழுந்தது சர்க் சீம் (வெசலைச் சுற்றி ஓடும் வெல்டு) மேல் என்றால் கவலை வேண்டாம். கோட் கேட்டகரி பி என்று சொல்லும் இந்த பட் ஜாயின்ட் வழியாகப் போகும் ஓட்டைக்கும் 1 என்றே எடுக்கலாம். இது பலருக்கு நம்பவே முடியாத சலுகையாகத் தெரியும். யூஜி-37-இன் கணக்கு முழுவதும் சுற்றுவாக்கு ஸ்ட்ரெஸை வைத்து நடக்கிறது, சர்க் சீமோ அந்த விசைக்கு இணையாகவே ஓடுகிறது. அதன் குறுக்கே போவது நீளவாக்கு ஸ்ட்ரெஸ், அழுத்தத்தைப் பொறுத்தவரை அது பாதிதான். நம் வெசலில் சுற்றுவாக்கில் 103 மெகாபாஸ்கல் என்றால் நீளவாக்கில் 51.

சிறிய ஓட்டைகளுக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. 10 மி.மீ.-க்கு மேல் தடிமனுள்ள ஷெல்லில் 60 மி.மீ. வரை, அதற்குக் குறைந்த தடிமனில் 89 மி.மீ. வரை ஈடுகட்டும் கணக்கே தேவையில்லை என்று யூஜி-36 விலக்குத் தருகிறது. ஆனால் அந்தச் சின்ன ஓட்டை சர்க் சீம் மேலேயோ ஹெட்-ஷெல் சீம் (முனை மூடியும் ஷெல்லும் சேரும் வெல்டு) மேலேயோ உட்கார்ந்தால், ஓட்டை நடுவில் வரும்படி அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு அந்த வெல்டை ரேடியோகிராபி எடுக்க வேண்டும் என்கிறது யூடபிள்யூ-14. கணக்கு இல்லை என்றதும் பரிசோதனையும் இல்லை என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: பைப்பிங் லோடு (இணைந்த பைப்புகள் நாஸிலில் தரும் விசை) சேர்த்ததும் லோக்கல் ஸ்ட்ரெஸ் கொஞ்சத்தில் ஃபெயில்

எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் இது. அநியாயமாக இரும்பு சேர்ப்பதும் இங்கேதான் நடக்கிறது, உண்மையான ஆபத்து மறைந்துபோவதும் இங்கேதான்.

வெல்டிங் ரிசர்ச் கவுன்சிலின் புல்லட்டின்களில் 1965-இல் வந்த டபிள்யூஆர்சி 107, அதன் வளைவரைகளைச் சமன்பாடுகளாக மாற்றி 2010-இல் வந்த டபிள்யூஆர்சி 537, இரண்டும் நாஸில் அடியில் ஷெல்லில் எட்டு இடங்களில் ஸ்ட்ரெஸ் தருகின்றன. நாஸிலைச் சுற்றி நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றிலும் வெளிமுகம், உள்முகம். உருளையில் ஏ, பி என்பவை வெசலின் நீளவாக்கில் இருப்பவை, சி, டி சுற்றுவாக்கில் இருப்பவை. இந்த புல்லட்டின்கள் எதிலும் ஜாயின்ட் எஃபிஷியன்சி என்ற பேச்சே கிடையாது. அவற்றுக்குத் தெரிந்தது சீம் இல்லாத, ஒரே சீரான ஷெல் மட்டும். எஃபிஷியன்சி நுழைவது நாம் ஒப்பிடும் அனுமதி எண்ணில்தான், அதை நுழைப்பதும் நாம்தான்.

நம் வெசலில் அழுத்தத்தால் வரும் சுற்றுவாக்கு மெம்பிரேன் ஸ்ட்ரெஸ் (தடிமன் முழுக்க ஒரே சீராக இருக்கும் பகுதி) 103.6. நாஸில் லோடுகளால் வரும் லோக்கல் மெம்பிரேன் 80 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 183.6 மெகாபாஸ்கல். அனுமதி 1.5 × 138 = 207. தாராளமாகப் பாஸ். இப்போது யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் 0.85 பெருக்கிவிடுகிறார், அனுமதி 176 ஆகிறது, ஃபெயில். உடனே பேட் தடிமன் ஏறுகிறது. நான் சரிபார்த்த ஒரு வேலையில் இதே காரணத்துக்காக 12 மி.மீ. பேட் 16 ஆகி, அதுவும் போதாமல் அகலமும் கூடியிருந்தது. லேஅவுட்டை விரித்துப் பார்த்தால் மிக அருகிலிருந்த லாங் சீமே 900 மி.மீ. தள்ளி ஓடியது.

ஷீட்டைச் சரிபார்க்கும்போது நான் போகும் வரிசை இப்படி.

முதலில், சீம் நாஸிலை வெட்டுகிறதா? இல்லை என்றால் 1.0, அதோடு முடிந்தது. டிவிஷன் 2-இன் பகுதி 4-இல் ஓட்டைகளுக்கான கணக்கு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அனுமதி எண் 1.5 × ஸ்ட்ரெஸ் × எஃபிஷியன்சி, ஆனால் அந்த எஃபிஷியன்சி நாஸிலை வெல்டு சீம் வெட்டினால் மட்டும், இல்லாவிட்டால் 1.0.

வெட்டுகிறது என்றால், எந்தத் திசையில்? லாங் சீம் நாஸில் வழியாகப் போனால் அது கடப்பது ஏ, பி புள்ளிகளை. அந்த இரண்டு இடத்தில், சுற்றுவாக்கு ஸ்ட்ரெஸுக்கு மட்டும் எஃபிஷியன்சி பொருந்தும். சி, டி-யில் அந்தச் சீம் இல்லவே இல்லை. சர்க் சீம் என்றால் தலைகீழ்: சி, டி புள்ளிகளில் நீளவாக்கு ஸ்ட்ரெஸுக்கு. எட்டு இடத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டு வரும் ஷீட்டைப் பார்த்தால், போட்டவர் லேஅவுட்டைத் திறக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம், எந்த வகை ஸ்ட்ரெஸ்? மெம்பிரேனா, அல்லது செகண்டரி பெண்டிங்கும் (சுவர் வளைவதால் வரும் ஸ்ட்ரெஸ்) சேர்ந்ததா? மெம்பிரேன் + பெண்டிங் ரேஞ்சுக்கு 3 × 138 = 414 என்ற வரம்பு, உலோகம் முதல் சில சுற்றுகளில் கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டுப் பிறகு மீள்தன்மைக்குள் அடங்க வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தது. அது ஈல்டைச் (உலோகம் நிரந்தரமாக நெகிழத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) சார்ந்தது, எக்ஸ்ரே ஃபிலிமைச் சார்ந்தது அல்ல. அதை 352 ஆகக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பைப்பிங் கோடான பி31.3-உம் ஏறக்குறைய இதே மனதோடு இருக்கிறது. அழுத்தத் தடிமனில் லாங் வெல்டின் தரக் காரணி வரும், வெப்ப விரிவு ரேஞ்சின் அனுமதி ஸ்ட்ரெஸில் அதைப் பெருக்கத் தேவையில்லை.

சீம் நாஸிலை வெட்டவில்லை, ஆனால் வெகு அருகில் ஓடுகிறது என்றால்? கோட் இதற்கு நேரடி அபராதம் எதுவும் போடவில்லை. என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஆரம் × தடிமன் என்பதன் வர்க்கமூலம் நம் வெசலில் 91 மி.மீ. லோக்கல் ஸ்ட்ரெஸ் தணியும் தூரத்தை ஏறக்குறைய இந்த அளவுகோலால் பார்க்கலாம். நாஸில் விளிம்பிலிருந்து இந்த எல்லைக்குள் லாங் சீம் ஓடினால், அதைக் கடக்கும் மெம்பிரேனுக்கு 0.85 போட்டே சரிபார்ப்பேன். பேட் இருந்தால் பேட் விளிம்பிலிருந்தும் பார்ப்பேன். பேட் விளிம்பில் ஷெல் தனியாக நிற்கிறது, அங்கே ஸ்ட்ரெஸ் நாஸில் அடியில் இருப்பதைவிட அதிகமாக வருவதும் உண்டு. அந்த விளிம்பைக் கணக்கிடாமலே விட்ட ஷீட்டுகள்தான் என்னை உண்மையில் பயமுறுத்துபவை.

ஸ்ட்ரெஸ் அமுக்குவிசையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. நீளவாக்கு அமுக்கத்தில் பட் வெல்டுக்கு எஃபிஷியன்சி 1 என்று யூஜி-23 சொல்கிறது. வேக்குவம் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

இன்னொன்று, எஃபிஷியன்சியைத் துரத்துவதற்கு முன்னால் பிரஷர் த்ரஸ்டைப் (உள் அழுத்தம் நாஸிலை வெளியே தள்ளும் விசை) பாருங்கள். நம் நாஸிலில் 1.5 மெகாபாஸ்கல் அழுத்தம் ஓட்டைப் பரப்பில் தருவது ஏறக்குறைய 47 கிலோநியூட்டன். பைப்பிங் குழு கொடுத்த லோடில் அது ஏற்கெனவே இருக்கிறதா, நீங்களும் ஒரு முறை சேர்த்துவிட்டீர்களா, அல்லது யாருமே சேர்க்கவில்லையா? இதில் நடக்கும் தவறு 0.85-ஐவிடப் பெரியது.

அறிகுறி: நாஸில் கழுத்து மட்டும் ஃபெயில்

பைப் ஈஆர்டபிள்யூவா (நீளவாக்கில் மின்தடை வெல்டு செய்த பைப்) என்று பாருங்கள். வெல்டு செய்த பைப்புக்கான அனுமதி ஸ்ட்ரெஸில் செக்‌ஷன் 2 பகுதி டி (ஏஎஸ்எம்இ-யின் அனுமதி ஸ்ட்ரெஸ் அட்டவணைகள்) ஏற்கெனவே 0.85-ஐப் பெருக்கித்தான் எண் தந்திருக்கிறது, அடிக்குறிப்பில் அது எழுதியிருக்கும். அதன் மேல் நீங்களும் 0.85 போட்டால் 0.72-க்குப் போய்விடும். கழுத்தில் பெண்டிங்கும் இழுவிசையும் நீளவாக்கில் வருகின்றன, பைப்பின் சீமும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. அந்தத் திசைக்கு அட்டவணை எண்ணை 0.85-ஆல் வகுத்து முழு மதிப்பை எடுத்துக்கொள்ள அதே குறிப்பு அனுமதிக்கிறது. கழுத்தின் லோக்கல் ஸ்ட்ரெஸுக்கு டபிள்யூஆர்சி 107-ஐ நம்ப வேண்டாம், அது ஷெல்லுக்கு மட்டும். கழுத்துக்கும் வேண்டும் என்றால் 1984-இல் வந்த டபிள்யூஆர்சி 297.

அறிகுறி: நாஸில்-ஷெல் வெல்டுக்கு எஃபிஷியன்சி எண்ணே கிடைக்கவில்லை

கிடைக்காது. ஷெல்லில் செருகி வெல்டு செய்யும் வழக்கமான நாஸில் ஒரு கார்னர் ஜாயின்ட், அதற்கு யூடபிள்யூ-12 அட்டவணையில் எண் கிடையாது. அந்த வெல்டின் பலம் வேறு வழியில் பார்க்கப்படுகிறது: குரூவ் வெல்டுக்கு (விளிம்பில் வெட்டிய பள்ளத்தை நிரப்பும் வெல்டு) இழுவையில் அனுமதி ஸ்ட்ரெஸின் 74 சதவீதம், வெட்டுவிசையில் 60, ஃபில்லெட்டுக்கு வெட்டுவிசையில் 49. ஷெல்லோடு பட் வெல்டாக வரும் ஃபோர்ஜிங் நாஸில் என்றால் மட்டும் கேட்டகரி டி-க்கும் (நாஸிலை ஷெல்லோடு சேர்க்கும் வெல்டு) 1.00, 0.85, 0.70 பொருந்தும்.

எஃப்இஏ (வெசலைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) செய்பவர்களுக்கும் இதே பதில்தான். வெல்டு முனையில் சிவப்பாகத் தெரியும் உச்ச எண்ணை 0.85-ஆல் வகுத்து ஃபெயில் என்று எழுதுகிறார்கள். அந்த உச்சம் மெஷ்ஷை (அந்தக் கூறுகளின் வலையை) நுணுக்கினால் ஏறிக்கொண்டே போகும். தடிமன் குறுக்கே லீனியரைஸ் செய்து (ஸ்ட்ரெஸை நேர்கோடாக்கி) மெம்பிரேனையும் பெண்டிங்கையும் பிரித்த பிறகு, அந்தக் கோடு உண்மையான ஒரு பட் சீமைக் கடந்தால் மட்டும் எஃபிஷியன்சியைப் பேசுங்கள். வெல்டு முனையின் கவலை ஃபேடிக் (திரும்பத் திரும்ப வரும் லோடால் விரிசல்) சம்பந்தப்பட்டது, அதற்கு டிவிஷன் 2-இல் தனிக் குறைப்புக் காரணி இருக்கிறது.

அறிகுறி: கணக்கு எல்லாம் பாஸ், ஆனால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மறுக்கிறார்

கணக்கில் உள்ள எஃபிஷியன்சியும் நேம்பிளேட்டில் வரப்போகும் ஆர்டி எண்ணும் (ரேடியோகிராபி அளவைக் காட்டும் குறி) பொருந்துகின்றனவா? ஆர்டி-3 என்றால் ஸ்பாட், 0.85. ஷெல்லுக்கு 1.0 போட்டிருந்தால் வழக்கமாக ஆர்டி-1 அல்லது ஆர்டி-2 இருக்கும். அடிக்கடி தவறும் இடம் சீம்லெஸ் ஹெட். "சீமே இல்லையே, 1.0 தானே" என்பார்கள். ஹெட்டை ஷெல்லோடு சேர்க்கும் சர்க் சீமில் அதற்குரிய ஸ்பாட் ரேடியோகிராபி இல்லாவிட்டால் ஹெட்டுக்கும் 0.85 என்கிறது யூடபிள்யூ-12. ஹெட்டில் நாஸில் இருந்தால் அந்தக் கணக்கை மறுபடி திறந்து, ஹெட்டுக்கு மட்டும் 0.85 போட்டுத் தடிமனைச் சரிபாருங்கள். ஓட்டையின் தேவையான பரப்பு அப்போதும் 1-ஐ வைத்துத்தான்.

செலவைக் குறைக்க நடுவில் யாராவது ஸ்பாட்டையும் எடுத்துவிட்டால், நம் வெசலின் தேவை 0.70-இல் 11.80 மி.மீ. இருப்பது 11. நாஸில் வரை போகவே வேண்டாம், ஷெல்லே நிற்காது.

ஸ்பாட் என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு 15 மீட்டர் வெல்டுக்கும் ஒரு ஸ்பாட், குறைந்தது 150 மி.மீ. அது ஃபெயில் ஆனால் அதே பகுதியில் இன்னும் இரண்டு எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று ஃபெயில் ஆனாலும், அந்த 15 மீட்டரையும் நீக்கி மறுபடி வெல்டு செய்ய வேண்டும் அல்லது முழுக்க ரேடியோகிராபி எடுத்துக் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். அந்த நீளத்தில் ஒரு துண்டு உங்கள் பேடுக்கு அடியில் இருந்தால் பேடை வெட்டி எடுத்தாக வேண்டும். அதனால் சீம் மேல் பேட் வரும் நாஸிலுக்கு, சீமை மட்டமாக கிரைண்ட் செய்து, ஃபிலிம் எடுத்து, ரிசல்ட் வந்த பிறகே பேடைப் பொருத்த வேண்டும் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள்.